கோட்டா எந்தக் கதவில் இருக்கிறது?

கேள்வி: என் மகள் படிவம் 5 முடித்து எஸ்பிஎம் தேர்வில் 9 பாடம் எழுதி 7 ஏ எடுத்தாள். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தோம், அதுவும் இல்லை. அவளோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த பக்கத்து வீட்டு மலாய்த் தோழிக்கு 5 ஏ. அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மகள் இப்போது படிவம் 6 அறிவியல் பிரிவில் முதல் தவணையில் இருக்கிறாள். "எவ்வளவு படிச்சாலும் கடைசியில கோட்டாதானேம்மா" என்கிறாள். புதன்கிழமை சீருடை இயக்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தோழியைக் குத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. லாரி ஓட்டும் என் கணவர், "ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துத் தனியார்ல சேத்துடலாம்" என்கிறார். மகள் சொல்வது உண்மையா? படிவம் 6 வீண்தானா?
ஒரு தாய், கூலிம், கெடா

பதில்:

அம்மா, உங்கள் மகள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. அதை முதலில் அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லா படிச்சா எல்லாம் கிடைக்கும்" என்று சமாதானம் சொல்கிற பெற்றோரைப் பிள்ளைகள் அடுத்த பேச்சிலிருந்து நம்புவதில்லை. 7 ஏக்குக் கிடைக்காத இடம் 5 ஏக்குக் கிடைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதை இல்லை என்று சொல்லி என்ன பயன்? ஆனால் அதிலிருந்து அவள் வந்திருக்கும் முடிவு தவறு. கோட்டா முக்கியமாக ஒரு கதவில் இருக்கிறது. எல்லாக் கதவிலும் இருப்பதாக நினைத்து, தனக்குத் திறந்திருக்கும் கதவை அவளே சாத்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கதவு மெட்ரிகுலேஷன். பல்கலைக்கழகத்துக்கு முன்னதாகக் கல்வி அமைச்சு நடத்தும் இந்தப் படிப்பில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். சீனர், இந்தியர், மற்றவர் எல்லாரும் மீதி 10 விழுக்காட்டுக்குள் மோத வேண்டும். நாட்டின் குடிமக்களில் பூமிபுத்ரா சுமார் 70 விழுக்காடு என்பதால், மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்றும் இதற்கு நியாயம் சொல்ல முடியாது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தார்கள். அத்தனையும் நிரம்பியதா என்ற சர்ச்சை அதற்குப் பிறகு ஓயவே இல்லை. 2019இல் அமைச்சரவை மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியது. எண்ணிக்கை கூடியது, 90:10 அப்படியே நின்றது. 2024 ஜூன் இறுதியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்பிஎம்மில் 10 ஏயும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அறிவித்தார். நல்லதுதான். ஆனால் 9 பாடம் மட்டும் எழுதுகிற பிள்ளை 10 ஏ எடுக்க வழியே இல்லை. வீட்டில் இன்னும் எஸ்பிஎம் எழுதாத தம்பியோ தங்கையோ இருந்தால், தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் இரண்டையும் எடுப்பது பற்றி இப்போதே பள்ளியில் பேசுங்கள். ஏ மைனஸ் கணக்கில் வருமா வராதா என்பதை அந்தந்த ஆண்டு அமைச்சின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர் சொன்னதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இனத்தைப் பார்க்கும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. யுஐடிஎம் என்ற அரசாங்கப் பல்கலைக்கழகம் முழுக்க பூமிபுத்ராவுக்கானது. சில பல்கலைக்கழகங்களின் அசாசி என்ற அடித்தளப் படிப்புகளிலும் பூமிபுத்ராவுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கும். அதை விண்ணப்பப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். தெரியாமல் அதற்கு விண்ணப்பித்து, நிராகரித்துவிட்டார்கள் என்று மனம் உடைகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிபந்தனைப் பத்தியை வாசித்திருந்தால் விண்ணப்பத்தில் ஒரு விருப்ப இடம் வீணாகியிருக்காது.

இதெல்லாம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது, யாரும் தொட முடியாது என்று கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேசுவார்கள். அதுவும் பாதிதான் சரி. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, புதிய பொருளாதாரக் கொள்கை வந்த 1971இல், கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். தகுதியுள்ள விண்ணப்பதாரர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும் உயர்கல்விப் படிப்புகளில், மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் நியாயமானது என்று கருதும் அளவு இடத்தை ஒதுக்க அது அனுமதிக்கிறது. 90 என்ற எண் அதில் எங்கும் இல்லை. அதே 153ஆவது பிரிவு, மற்ற இனத்தவரின் நியாயமான நலன்களையும் காக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. ஆக, ஒதுக்கலாம் என்பது அரசியலமைப்பு. எவ்வளவு என்பது அந்தந்த அரசாங்கத்தின் முடிவு. மகளுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்பதை ஸ்டேட்டஸ் விஷயத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

இப்போது அவள் நிற்கும் வரிசைக்கு வருவோம். முன்பு பல்கலைக்கழக இடங்களை 55:45 என்று இன அடிப்படையில் பிரிக்கும் முறை இருந்தது. அது 2002 சேர்க்கையோடு நீங்கி, மெரிட் என்ற தகுதிப் புள்ளி முறை வந்தது. இன்று எஸ்டிபிஎம் என்ற படிவம் 6 தேர்வை முடித்தவரும் மெட்ரிகுலேஷன் முடித்தவரும் யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக ஒரே இளங்கலை இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அந்த மெரிட் புள்ளியின் கணக்கில் இனத்துக்கென்று எந்தப் புள்ளியும் இல்லை. 90 புள்ளி படிப்புக்கு, 10 புள்ளி வகுப்புக்கு வெளியிலான புறப்பாட நடவடிக்கைகளுக்கு. அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாம் சமம்தானே என்று கேட்டால், இல்லை. மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும். அதன் தேர்வை அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவே நடத்துகிறது. எஸ்டிபிஎம் மூன்று தவணை, தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு, திருத்துகிறவர் வேறு. ஆனால் முழுத் தரப்புள்ளியான 4.00 இங்கே எடுத்தாலும் அங்கே எடுத்தாலும் யுபியுவில் ஒரே எடை. பூமிபுத்ரா அல்லாத மாணவர்களின் குறை இன்று பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குவிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2025இல் எஸ்டிபிஎம்மில் 4.00 எடுத்து மெரிட் 99.90 வைத்திருந்த ஒரு மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்க இடம் கிடைக்காமல் போனது நாடு முழுக்கப் பேச்சானது. அதே படிப்புக்கு சாத்து என்ற திறந்த வழியில் போனால் 80,000 ரிங்கிட்டுக்கு மேல் என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. இனத்துக்குப் புள்ளி இல்லாவிட்டாலும், முதல் கதவில் நடந்த பிரிப்பின் விளைவு இரண்டாவது கதவு வரை வந்து சேர்கிறது. மகளிடம் இதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் இதே விஷயத்தை இன்னொரு பக்கமிருந்தும் அவள் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் 4.00இல் வந்து முட்டி நிற்கும்போது, யார் உள்ளே யார் வெளியே என்று பிரிப்பது படிப்புப் புள்ளி அல்ல, புறப்பாடத்தின் தசமப் புள்ளி. அந்தப் புள்ளியைத்தான் உங்கள் மகள் புதன்கிழமைதோறும் தூக்கி எறிந்துகொண்டிருக்கிறாள்.

ஒரு தாளை எடுத்து அவள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். எஸ்டிபிஎம்மில் ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் என்றால் 3.67. நான்கு பாடத்திலும் ஏ மைனஸ் எடுத்தால் பிஎன்ஜிகே என்ற சராசரித் தரப்புள்ளி 3.67. அதை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் 82.58. புறப்பாடத்தில் 10க்கு 9 இருந்தால் மெரிட் 91.58. அதே பிள்ளைக்குப் புறப்பாடம் 6 என்றால் 88.58. போனது 3 புள்ளி. இதைத் தேர்வில் ஈடுகட்ட என்ன செய்ய வேண்டும்? ஒரு பாடத்தில் ஏ மைனஸை ஏ ஆக்கினால் பிஎன்ஜிகே 0.08 அளவுக்குத்தான் ஏறும், மெரிட்டில் 1.86 புள்ளி. போதாது. இரண்டு பாடத்தில் ஏற்றினால்தான் 3.71 வரும், இழந்த 3 புள்ளி திரும்பும். அறிவியல் பிரிவில் இரண்டு பாடத்தை ஏ மைனஸிலிருந்து ஏக்குக் கொண்டுபோவது எவ்வளவு உழைப்பு என்று அவளுக்கே தெரியும். அதைவிட புதன்கிழமை இரண்டு மணி நேரம் போய் நின்றுவிட்டு வருவது எளிது.

புறப்பாடப் புள்ளியை பிஏஜேஎஸ்கே என்ற மதிப்பீட்டு முறையில் பள்ளிதான் பதிவு செய்கிறது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்று மூன்று பகுதி. வருகை, வகித்த பொறுப்பு, பங்கெடுத்த நிலை, வாங்கிய வெற்றி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நிலை என்பது பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறிப்போகும். பள்ளிக்குள் நடக்கும் பத்துப் போட்டிகளில் கலந்துகொள்வதைவிட மாநில அளவில் ஒன்றில் நிற்பது அதிகம் கொடுக்கும். மாநில அளவுக்குப் போக எல்லாராலும் முடியாது, ஆனால் வருகைப் புள்ளி எல்லாருக்கும் உரியது. பிள்ளைகள் அதிகம் இழப்பதும் அதைத்தான். இரண்டாவதாக இழப்பது, கலந்துகொண்டும் பதிவாகாமல் போவது. சான்றிதழ் அலமாரியில் இருக்கும், ஆசிரியரின் பதிவில் இருக்காது. தவணை முடிவதற்குள் சான்றிதழின் நகலைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, பதிவேற்றிவிட்டாரா என்று மகளே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எஸ்டிபிஎம் முடிந்த பிறகு போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இதுவரை விட்டுப்போன வாரங்களுக்கு மருத்துவச் சீட்டு, குடும்பக் காரணம் ஏதாவது உண்மையாக இருந்தால் இப்போதே கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அதை மறந்துவிட்டு, வரும் புதனிலிருந்து போகச் சொல்லுங்கள்.

படிப்புப் பக்கத்தில், எஸ்டிபிஎம்மின் அமைப்பே மனம் சோர்ந்த பிள்ளைக்குக் கொஞ்சம் கருணை காட்டும். முழுப் பாடத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தாள், கூடவே பள்ளியில் செய்யும் பணி அல்லது செய்முறை. ஒரு தவணைத் தாள் சரியாக வராவிட்டால் மறுபடி எழுதலாம், கூடுதலாக எடுத்த புள்ளியே கணக்கில் சேரும். ஆனால் மறுதேர்வுக்குத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. "முதல் தவணைய விட்டுடுவோம், பிறகு பாத்துக்கலாம்" என்று நினைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மறுபடி எழுதும் தாளும் புதிய தவணையின் படிப்பும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். மறுதேர்வு காய்ச்சலில் எழுதியவருக்கும் நூலிழையில் தரம் தவறியவருக்கும் கைகொடுக்கும். படிக்காமல் விட்டவருக்கு அது சுமைதான். முயட் என்ற ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஆங்கிலத்தில் வேண்டிய பேண்ட் (தர நிலை) இல்லை என்பதற்காகவே சில படிப்புகளுக்குத் தகுதி இழப்பவர்கள் உண்டு.

யுபியு விண்ணப்பப் பாரம் இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் கோட்டா மேல் போடப்படும் பழியில் ஒரு பகுதி உண்மையில் அந்தப் பாரம் நிரப்பியதன் மேல் போக வேண்டியது என்பதால் சொல்கிறேன். 12 படிப்புகளை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். 12ஐயும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்றே நிரப்புகிறார்கள். ஒவ்வொன்றும் நாட்டிலேயே கடும் போட்டி உள்ளது. மெரிட் 92 வைத்திருக்கும் பிள்ளை இப்படி நிரப்பினால் 12லும் தவறி வெறுங்கையோடு நிற்கும், அல்லது விரும்பாத இடம் வந்து விழும். யுபியு வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் சராசரி மெரிட் என்று ஒரு விழுக்காடு போட்டிருப்பார்கள். பலர் அதை நுழைவுக் கோடு என்று நினைக்கிறார்கள். அது முன்பு சேர்ந்தவர்களின் சராசரி. சராசரி என்றாலே அதற்குக் கீழேயும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். மகளின் மெரிட் அந்தச் சராசரிக்கு ஒன்றிரண்டு புள்ளி கீழே இருந்தாலும் முதல் மூன்று நான்கு இடங்களில் அப்படிப்பட்டவற்றை வைக்கலாம். நடுவில் தன் மெரிட்டை ஒட்டியவை. கடைசி மூன்றில், நிச்சயம் கிடைக்கும், கிடைத்தால் போவேன் என்று மனதாரச் சொல்லக்கூடியவை. போக விருப்பமே இல்லாத படிப்பைக் கடைசியில் எழுதிவைப்பது வேண்டாம். அது கிடைத்துவிட்டால் ஏற்பதா, மேல்முறையீடு செய்வதா என்று வீட்டில் பெரிய குழப்பமே வரும்.

சிறப்பு நிபந்தனைகளையும் பாருங்கள். எஸ்பிஎம் கணிதத்தில் கிரெடிட், குறிப்பிட்ட அறிவியல் பாடம், நிறக்குருடு இல்லாமை, நேர்முகத் தேர்வு என்று படிப்புக்குப் படிப்பு மாறும். நேர்முகத் தேர்வு உள்ள படிப்பில் அழைப்பு வந்து போகாவிட்டால் மெரிட் எவ்வளவு இருந்தாலும் அந்த இடம் இல்லை. அழைப்பு மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்து கிடக்கும், பிள்ளை பார்த்திருக்காது. அதனால் தினமும் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் பி40 எனப்படும் குறைந்த வருமானப் பிரிவில் வந்தால் வருமான விவரத்தைச் சரியாக நிரப்புங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே தனிக் கவனிப்பு உண்டு, அது இனம் பார்ப்பதில்லை. வெட்கப்பட்டுக் கூட்டி எழுதுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்து அந்தத் தோழி. நீங்கள் கேள்வியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அதிகம் வலிப்பது அதுதான் என்று தெரிகிறது.

உங்கள் மகள் சொல்ல வந்தது "இந்த முறை நியாயமில்லை" என்பது. தோழியின் காதில் விழுந்திருப்பது "உனக்குத் தகுதியில்லை" என்பது. கோட்டா பற்றிய பேச்சு மாணவர்களிடையே சண்டையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மெட்ரிகுலேஷனில் சேர்ந்த மலாய்ப் பிள்ளை அந்தக் கொள்கையை எழுதவில்லை. கிடைத்த வழியில் விண்ணப்பித்திருக்கிறாள், உங்கள் மகளும் அதே வழியில்தான் விண்ணப்பித்தாள். அவள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதையும் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் மலாய்க்காரர் கிராமத்திலும் வயலிலும் விடப்பட்டார்கள், கல்வியும் வியாபாரமும் நகரத்தில் மற்றவர் கைக்குப் போனது, அந்த இடைவெளியை அடைக்கவே இந்த ஒதுக்கீடு என்று. அதில் வரலாறு இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பமும் அதே இடைவெளியின் அடியில்தான் கிடந்தது என்ற வரலாறும் இருக்கிறது. அது அவள் பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது. உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும், ஆனால் ஸ்டேட்டஸில் அல்ல.

மலாய் மாணவர்களிடம் இருக்கும் பயத்தையும் அவள் புரிந்துகொள்வது நல்லது. 2008இல் அப்போதைய சிலாங்கூர் மாநில முதல்வர் (மந்திரி பெசார்) காலிட் இப்ராஹிம், யுஐடிஎம்மில் 10 விழுக்காட்டு இடத்தை மற்றவர்களுக்குத் திறக்கலாம் என்றார். அதை எதிர்த்து யுஐடிஎம் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஷா ஆலமில் ஊர்வலம் போனார்கள். 2024 மே மாதம் இதய அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு ஒன்றில் பூமிபுத்ரா அல்லாத மருத்துவர்களைச் சேர்ப்பது பற்றிய பேச்சு வந்தபோது, யுஐடிஎம் மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்று வேலையில் இருக்கும் சில மருத்துவர்களுக்கான இடம் அது. அதற்கே அவ்வளவு எதிர்ப்பு. இன்று 10 கொடுத்தால் நாளை எல்லாம் போய்விடும் என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்கு. அந்தப் பயம் மிகையானது என்றே நான் நினைக்கிறேன். மிகையாக இருந்தாலும் நிஜமான பயம் அது. குத்தலான பேச்சு அதை இன்னும் இறுக்கும். இன்னொரு பக்கம், கேலிக்கு ஆளாகும் தங்கள் சான்றிதழைப் பற்றி மனதுக்குள் கூசுகிற மலாய் மாணவர்களும், ஏழை யாராக இருந்தாலும் அவருக்குப் போகட்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே இனம் என்பதால் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. நம்மிலும் அப்படித்தான். 10 ஏ வாக்குறுதி வந்தபோது, "நம்ம பிள்ளைக்குக் கிடைச்சாச்சு" என்று அத்தோடு விட்டவர்கள் எத்தனை பேர்!

ஸ்டேட்டஸை எடுத்துவிடச் சொல்லுங்கள். நட்புக்காக மட்டும் இல்லை. 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டத்தின்படி, 153ஆவது பிரிவு தரும் சிறப்பு நிலையையே கேள்வி கேட்பது குற்றமாகலாம். அதை நடைமுறைப்படுத்தும் விதத்தை விமர்சிப்பது வேறு. "90:10 என்ற அளவு ஏன்? எஸ்டிபிஎம்மும் மெட்ரிகுலேஷனும் ஏன் ஒரே தேர்வாக இல்லை?" என்று கேட்பது நடைமுறையைப் பற்றிய கேள்வி. அமைச்சருக்கு எழுதலாம், நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கலாம், நாளிதழுக்கு எழுதலாம். ஓர் இனத்தை இழுத்து வசை எழுதினால், தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் வந்து நிற்கும். 18 வயதுப் பிள்ளைக்கு அந்த வம்பு வேண்டாம்.

தோழியிடம் பேசுவதை மகளே தொடங்கட்டும். நீங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் நடுவில் உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பேச்சின் முதல் வாக்கியத்தில் கோட்டா வரக் கூடாது. "நான் போட்ட ஸ்டேட்டஸ் உன்னைக் காயப்படுத்திடுச்சு, அது தப்பு. எனக்கு இடம் கிடைக்காததுல ரொம்பக் கோபம், அது உன்மேல இல்ல" என்ற அளவு போதும். பிறகு ஒரு நாள் தோழியே கேட்டால், எஸ்டிபிஎம் எப்படி நடக்கிறது, எத்தனை தாள், எவ்வளவு நாள் என்று சொல்லட்டும். மெட்ரிகுலேஷனில் இருக்கும் பல பிள்ளைகளுக்குப் படிவம் 6இல் என்ன நடக்கிறது என்றே தெரியாது. "உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்ற கேள்வியை மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு அவளால் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் உங்களிடம் கேட்க வேண்டும். "நமக்கு எங்க குடுப்பான்" என்பது போன்ற பேச்சு மகள் வாயில் முதலில் வந்ததா, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதலில் வந்ததா? பெரியவர்கள் அலுப்பில் சொல்லிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடும். இரண்டு மாதத்துக்கு அந்தப் பேச்சை அவள் காது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கணவரின் ஈபிஎஃப் யோசனை. பிள்ளையின் உயர்கல்விக்கு ஈபிஎஃப்பிலிருந்து எடுக்க அனுமதி உண்டு. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது, கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். அதில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று முதலில் ஈபிஎஃப் செயலியில் பார்க்கச் சொல்லுங்கள். லாரி ஓட்டுநரின் சம்பளத்தில் சேர்ந்த அந்தத் தொகை தனியார் பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக்கே போதுமா என்பதை எண்ணைப் பார்த்த பிறகு பேசலாம். தனியாரில் மருத்துவம் என்றால் பல லட்சம் ரிங்கிட் ஆகும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவக் கட்டணம் பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் ரிங்கிட்டுக்குள் முடியும்.

அவசரமும் ஒன்றும் இல்லை. எஸ்டிபிஎம் சான்றிதழை வைத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம், அடித்தளப் படிப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டிலும் அதற்கு ஏ லெவலுக்கு இணையான மதிப்பு உண்டு. மெட்ரிகுலேஷன் சான்றிதழ் பெரும்பாலும் உள்நாட்டோடு நின்றுவிடும். கெடாவிலேயே செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, பேராக்கின் கம்பாரில் யுடிஏஆர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல எஸ்டிபிஎம் முடிவோடு போனால் கட்டணச் சலுகை கேட்கவும் வாய்ப்பு உண்டு. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்குத் தனியாரில் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்கு மகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், அதை இப்போதே சிறு தொகையில் திறந்து வையுங்கள். ஆக, படிவம் 6ஐப் பாதியில் விட்டுத் தனியாருக்குப் போனால் கூடுதலாகச் செலவாகும் பணம் உங்களுடையது, கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. முதல் தவணை முடிவு வரட்டும். அதுவரை ஈபிஎஃப் பாரத்தை எடுக்க வேண்டாம். முடிவு வந்ததும் அந்தத் தாளையும் புறப்பாட வருகைப் பதிவையும் எடுத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவருமாகப் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.